வேலைக்குப் போகிற இ-பைக்கில் மலைப்பந்தய செயின் எதற்கு?

ஜெர்மனியில் எந்தச் சைக்கிள் கடைக்கும் போய், தினமும் வேலைக்குப் போய்வர ஒரு இ-பைக் கேளுங்கள். மட்கார்டு, கேரியர், விளக்கு எல்லாம் சரியாக இருக்கும். பெடல் நடுவே 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் மோட்டார். பல வண்டிகளில் பின்சக்கரத்தில் மட்டும் மலைப்பாதை சைக்கிளுக்கு உருவான டிரெய்லியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிக் கியர் மாற்றும் கருவி), 12 பல்சக்கரங்களை அடுக்கிய கேசட், 5 மி.மீ. சொச்சம் அகலத்தில் ஒல்லிச் செயின். மழையிலும் குளிர்காலச் சாலை உப்பிலும் ஓடி, சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பப்போகிற வண்டிக்கு இதையா மாட்டுவது? பற்றிக்கொண்டு வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் 38 பல் சக்கரம் என்றால் ஆரம் சுமார் 77 மி.மீ. மோட்டார் முழு பலத்தோடு முறுக்கும்போது செயினை அது மட்டுமே 1,100 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. 110 கிலோ மூட்டையைச் செயினில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். கால் மிதிப்பது அதற்கு மேல். பின்னால் 11 பல் சக்கரத்தில் ஐந்தாறு பற்கள்தான் இத்தனையையும் தாங்குகின்றன. ஓட்டுகிறவர்கள் அந்தச் சின்னப் பல்லிலேயே நின்று அதிலேயே கிளம்புகிறார்கள் என்று மெக்கானிக்குகள் திட்டுவார்கள். ஓட்டுகிறவர்கள் என்ன செய்வார்கள்? செயின் ஓடினால்தான் டிரெய்லியர் கியரை மாற்றும். சடாரென்று பிரேக் பிடித்து நின்ற பிறகு கியரை இறக்க வழியே கிடையாது.

11, 12 வேக (அத்தனை கியருள்ள) செயினில் ஊசிகள் தேய்ந்து 0.5 சதவீதம், அதாவது ஒரு அடி நீளத்துக்கு வெறும் 1.5 மி.மீ. கூடினாலே செயினைக் கழற்றிப் போட வேண்டும். தவறவிட்டால் கேசட்டின் பற்களும் தேய்ந்த செயினுக்குத் தகுந்தபடி குழிந்துவிடும். புதுச் செயின் மாட்டியதும் மேட்டில் மிதிக்க மிதிக்க அது தாவும். அப்புறம் கேசட், முன்பல், செயின் மூன்றுக்கும் சேர்த்துச் செலவு. இதை வண்டி விற்கும்போதே சொல்லி, செயின் தேய்வை அளக்கும் ஒரு கேஜையும் கையில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

மாற்று வழி எப்போதோ வந்துவிட்டது. செயினுக்குப் பதிலாக மாட்டும் கேட்ஸ் நிறுவனத்தின் கார்பன் பெல்ட்டுக்கு எண்ணெய் வேண்டாம், துரு கிடையாது, தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். பெல்ட் பல்சக்கரம் மாறி ஓடாது, அதனால் கியர் ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டும். பின்சக்கர அச்சுக்குள்ளேயே கியர்கள் அடங்கிய ரோலோஃப் 14 வேக ஹப் 1998லிருந்தே இருக்கிறது. கியர் வீச்சு, அதாவது மிகக் கனமான கியருக்கும் மிக இலகுவான கியருக்கும் உள்ள விகிதம், 526 சதவீதம். 5,000 கி.மீ.க்கோ ஆண்டுக்கோ ஒரு முறை எண்ணெய் மாற்றினால் வேலை முடிந்தது. பினியன் நிறுவனம் 2023இல் மோட்டாரையும் கியர்பாக்ஸையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தே காட்டிவிட்டது. நின்ற இடத்திலேயே கியர் மாற்றலாம். நகரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் பெல்ட் வண்டியையும் அரைகுறையாகச் செய்து கெடுக்கிறார்கள். 307 சதவீத வீச்சுள்ள 8 வேக ஹப்பை வைத்து, ஸ்டுட்கார்ட் மாதிரி மேடும் பள்ளமுமான ஊரில் விற்கிறார்கள். செங்குத்தான ஏற்றத்தில் மிக இலகுவான கியரும் போதாது. மிதியைத் தளர்த்தாமல் மாற்றினால் ஹப்புக்குள் பற்கள் கடிபடும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பட்டறைகளில் நடப்பது இன்னும் மோசம். ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பி பெல்ட்டை ஏற்றுகிறார்கள், மடித்துச் சுருட்டி வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் கார்பன் இழை முறிந்தது வெளியே தெரியாது. பிறகு ஒருநாள் நடுரோட்டில் அறுந்துபோகும். பின்சக்கரத்தைத் தளர்த்தி, பெல்ட்டைக் கையால் மாட்டி, அப்புறம் இழுவிசையைக் கூட்டுங்கள். கிராங்கை (பெடல் தண்டை) கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். தளர்ந்தால் பல் தாண்டும், அதிகம் இறுகினால் பேரிங் தேயும். பெல்ட்டை வெட்டி ஒட்ட முடியாது. பின்பக்க பிரேமில் அதை நுழைக்கத் திறப்பு இல்லாத வண்டியைக் காட்டி, "பிறகு பெல்ட் போட்டுக்கலாம்" என்று சொல்கிறவரை நம்பவே நம்பாதீர்கள்.

விலை அதிகம், எடை அதிகம், கியர்பாக்ஸில் கொஞ்சம் சக்தி வீணாகும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த இழப்பை மோட்டாரே ஈடுகட்டிவிடும். மலைப்பாதையில் ஓட்டுகிறவர் டிரெய்லியர் வைத்துக்கொள்ளட்டும். நம் ஊரில் அதிகம் ஓடும் பின்சக்கர ஹப் மோட்டார் வண்டிகளுக்கும் செயினே போதும், ஏனென்றால் அங்கே மோட்டாரின் விசை செயின் வழியாகப் போவதே இல்லை.

பெல்ட்டுக்குப் பணம் போதவில்லை என்கிறவருக்காவது 12 வேகத்தைத் திணிக்காமல், தடித்த பற்களுள்ள 9 வேக ஸ்டீல் கேசட்டைக் கொடுங்கள். நகரத்துக்கு 9 கியர் தாராளம்.