கூப்பனுக்கு ஏன் இத்தனை நிபந்தனை?

'ஒரு பொருளுக்கு ஒரு கூப்பன்தான்', 'வேறு சலுகையோடு சேராது' என்றெல்லாம் அமெரிக்கக் கடைகள் போடும் நிபந்தனைகளைக் கஞ்சத்தனம் என்று திட்டுகிறார்கள் நண்பர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

விலையைப் பார்க்காமல் வாங்குகிறவரிடம் முழு விலை, பத்து சென்ட்டுக்கும் யோசிக்கிறவரிடம் குறைந்த விலை: இதுதான் கடைக்காரரின் ஆசை. யார் எப்படிப்பட்டவர் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காதே! ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளில் வரும் கூப்பனைக் கத்தரித்து, தேதி பார்த்து, மறக்காமல் எடுத்து வருகிற சிரமம்தான் ஆளைப் பிரித்துக் காட்டுகிறது. நிபந்தனைகளை நீக்கினால் அந்தச் சல்லடையே கிழிந்துபோகும்.

நியூஜெர்சியில் பிறந்த, வீட்டுப் பொருள்கள் விற்ற பெட் பாத் அண்ட் பியாண்ட் கடையைப் பாருங்கள். ஒரு பொருளுக்கு 20 சதவீதம் தள்ளுபடி தரும் அந்த நீல அட்டை தபாலில் வந்துகொண்டே இருக்கும். காலாவதியானதை நீட்டினாலும் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். எல்லோர் கையிலும் கூப்பன் இருந்தால் தள்ளுபடி போக மீதிதான் உண்மை விலை. முழு விலை கொடுப்பவர் ஏமாளி. 2023 ஏப்ரலில் கடை திவாலானது. கடனும் நிர்வாகத் தவறுகளும் அதில் பெரும்பங்கு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மளிகைக் கடையில் கணக்கு வேறு. பொருளைத் தயாரித்த நிறுவனமே வெளியிடும் உற்பத்தியாளர் கூப்பன் என்றால், அதன் மதிப்போடு கையாளும் கூலியாக வழக்கமாக 8 சென்ட்டும் கடைக்குத் திரும்ப வந்துவிடும். ஆனால் கடையே 'இரட்டை மதிப்பு' அறிவித்தால், 50 சென்ட் கூப்பனுக்கு இன்னொரு 50 சென்ட் கடையின் தலையில். இந்தச் சூட்சுமத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் வண்டி நிறைய டூத்பேஸ்டை ஏறக்குறைய இலவசமாக அள்ளிச் செல்வதை டிஎல்சி தொலைக்காட்சி தொடராகவே காட்டியது. அந்தக் காலத்தில்தான் பல கடைகள் விதிகளை இறுக்கின. காலி அலமாரியைப் பார்த்துத் திரும்பும் அடுத்த வாடிக்கையாளருக்கும் நியாயம் வேண்டாமா?

அப்படியானால் கூப்பனையே ஒழித்துவிடலாமே என்பீர்கள். 2012இல் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைத்தொடரில் அதன் தலைமை நிர்வாகி ரான் ஜான்சன் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார். அந்த ஆண்டே விற்பனை கால்வாசி சரிந்தது. மறு ஆண்டு அவர் வேலையும் போயிற்று.

என் கோபமெல்லாம் வேறிடத்தில். கூப்பனின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் '30 சதவீதம்'. பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் தள்ளுபடி பொருந்தாத பிராண்டுகளின் பட்டியல். நல்ல ஷூ, நல்ல வாசனைத் திரவியம் எல்லாம் அதில்தான் இருக்கும். இதைக் கல்லாவில் நிற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை விளக்கிச் சொல்லி, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதை அச்சடிக்கச் சொன்ன மேலாளர் அங்கே நிற்பதில்லை.