காடு பச்சையாகத்தான் இருக்கிறது, வண்டைத்தான் காணோம்

போன வாரம் அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் அமேசான் பற்றிப் பேச்சு வந்தது. கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து என் பக்கம் நீட்டினார். "இங்க பாருப்பா, எவ்வளவு பச்சை! அழிஞ்சுபோச்சு அழிஞ்சுபோச்சுன்னு சொல்றீங்களே, முக்கால்வாசி அப்படியேதானே இருக்கு?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பிரேசிலின் அமேசானில் இதுவரை அடியோடு வெட்டப்பட்டது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மீதியை மேலே இருந்து பார்த்தால் பச்சைதான். எனக்கு அப்போது கோவையாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். என் பதில் சாணி வண்டிலிருந்து தொடங்குகிறது.

மாடு மேயும் பொட்டலில் சாணத்தை உருண்டையாக்கிப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போகும் கறுப்பு வண்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் உருட்டுகிறவை இந்த வண்டுக் கூட்டத்தில் ஒரு பகுதிதான். மழைக்காடுகளில் பெரும்பாலானவை சாணம் விழுந்த இடத்திலேயே அதன் அடியில் குழி தோண்டி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கிவிடும். சாணத்துக்குள்ளேயே குடியிருப்பவை இன்னொரு வகை. குழிக்குள் சாண உருண்டை, உருண்டைக்கு ஒரு முட்டை. ஈயைப் போல நூற்றுக்கணக்கில் முட்டையிடும் பழக்கம் இவற்றுக்குக் கிடையாது. சில பெரிய இனங்களில் ஒரு தாய் ஒரு பருவம் முழுக்கப் பாடுபட்டு ஒன்றிரண்டு புழுக்களைத்தான் வளர்த்தெடுக்கும். ஒருமுறை குறைந்தால் சீக்கிரம் பெருகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றைக் கணக்கெடுப்பது எளிது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவை விளிம்பு தரையோடு சமமாக இருக்கும்படி புதைத்து, உள்ளே கொஞ்சம் உப்புத்தண்ணீர் ஊற்றி, மேலே மலத்தைச் சிறு உருண்டையாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். அமேசானில் பன்றிச் சாணத்தோடு மனித மலத்தையும் கலந்து வைப்பார்கள். வாசம் பிடித்து வரும் வண்டு டப்பாவுக்குள் விழும். இரண்டு நாள் கழித்து எடுத்து எண்ணினால் போதும். பிரேசிலின் பாரா மாநிலத்தில் ஜாரி பகுதியில் பதினாலு வகை உயிர்க் கூட்டங்களைக் கணக்கெடுத்து, எதற்கு எவ்வளவு செலவாகிறது, அதில் காட்டைப் பற்றி எவ்வளவு தெரிகிறது என்று 2008-ல் ஒப்பிட்டார்கள். போட்ட காசுக்கு அதிகம் சொன்னவை பறவைகளும் சாணி வண்டுகளும்.

சரி, அண்ணன் காட்டிய பச்சைக்கு வருவோம்.

பிரேசிலின் வனச் சட்டப்படி, அமேசான் காட்டுப் பகுதியில் நிலம் வைத்திருப்பவர் அதில் 80 சதவீதத்தைக் காடாகவே விட்டுவைக்க வேண்டும். காகிதத்தில் அருமையான சட்டம். அதே பாரா மாநிலத்தில் சாந்தரேம், பாரகோமினாஸ் என்ற இரண்டு வட்டாரங்களில், ஜாஸ் பார்லோ தலைமையிலான பெரிய குழு ஒன்று 1,538 தாவர இனங்களையும் 460 பறவை இனங்களையும் 156 சாணி வண்டு இனங்களையும் கணக்கெடுத்து 2016-ல் முடிவை வெளியிட்டது. 80 சதவீதக் காட்டைக் காப்பாற்றி வைத்திருந்த இடங்களில்கூட, உயிரினப் பாதுகாப்புக்கு அந்தக் காடு தரக்கூடிய மதிப்பில் 39 முதல் 54 சதவீதம் வரை போய்விட்டிருந்தது. மரம் நிற்கிறது, படத்தில் பச்சை தெரிகிறது, உள்ளே பாதி காலி. நல்ல மரங்களை மட்டும் பொறுக்கி வெட்டுவது, தரையோடு ஊர்ந்து போகும் தீ, வேட்டை, துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பது என்று பல சின்னக் காயங்கள் சேர்ந்து செய்த வேலை இது. பாரா மாநிலம் முழுவதுக்குமாக இந்தக் காயங்களைக் கணக்குப் போட்டால், 92,000 முதல் 1,39,000 சதுர கிலோமீட்டர் வரை தொடப்படாத காட்டை வெட்டியதற்குச் சமம் என்றார்கள். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். ஒரு தமிழ்நாடு அளவு காடு எந்த வெட்டுக் கணக்கிலும் வராமல் போயிருக்கிறது.

இதைப் படித்த பிறகு எனக்குச் செயற்கைக்கோள் படத்தின் பச்சை மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

அப்புறம் 2015 வந்தது. பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகி மழையைக் கெடுக்கும் எல் நினோவால் கடும் வறட்சி. மழைக்காட்டு மரங்களுக்குத் தீ பழக்கமே இல்லை, அவற்றின் பட்டை மெலிசு. மேய்ச்சல் நிலத்தில் மூட்டிய நெருப்பு காட்டுக்குள் நுழைந்தால், முழங்கால் உயரம்கூட எழாமல் சருகில் மெதுவாக ஊர்ந்து போகும். பார்க்கப் பயமாகவே இருக்காது. ஆனால் அது சுட்டுவிட்டுப் போன மரங்களில் பல அடுத்த சில வருடங்களில் ஒவ்வொன்றாகச் சாகும். பிரேசில் அமேசானின் வெறும் 1.2 சதவீதப் பரப்பில் அந்த வறட்சியும் தீயும் சேர்ந்து சுமார் 250 கோடி மரங்களையும் கொடிகளையும் கொன்றன என்று பிறகு கணக்கிட்டார்கள்.

வண்டுகள் என்ன ஆயின? ஃபிலிப்பே ஃபிரான்சா என்ற ஆய்வாளரின் குழு சாந்தரேம் வட்டாரத்தில் 2010-லேயே பொறி வைத்து எண்ணியிருந்தது. அப்போது சுமார் 8,000 வண்டுகள். எல் நினோவுக்குப் பிறகு 2016-ல் அதே இடங்களில் பொறி வைத்தால் சுமார் 3,700. மழை திரும்பிவிட்டதே, 2017-ல் ஏறியிருக்கும் என்று நாம் நினைப்போம். சுமார் 2,600 தான் கிடைத்தது. வறட்சி முடிந்தும் இறக்கம் நிற்கவில்லை. வறட்சியோடு தீயும் பட்ட காடுகளில் சாணம் அப்புறப்படுத்தப்படுவதும், அதோடு சேர்ந்து விதைகள் புதைவதும் குறைந்திருந்தன. மண் காய்ந்து இறுகினால் குழி தோண்ட முடியாது. தோண்டினாலும் உள்ளே புழு வறண்டு சாகும். சாணம் போடும் விலங்கும் தீயில் செத்திருக்கும், அல்லது ஓடியிருக்கும்.

ஒரு வண்டு குறைந்தால் என்ன குடிமுழுகிப்போகும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விதையைப் பாருங்கள். ஊளைக் குரங்கு பழத்தை விழுங்கிவிட்டு வேறொரு மரத்தடியில் போய்க் கழிக்கிறது. அந்தக் குவியலில் விதைகள் கிடக்கும். அப்படியே விட்டால் எலி வகைகள் தேடி வந்து தின்றுவிடும். வண்டு சாணத்தை இறக்கும்போது விதையும் சில சென்டிமீட்டர் மண்ணுக்குள் போய்விடுகிறது. அங்கே எலிக்கு எட்டாது, ஈரமும் உண்டு. பெரிய விதையைப் புதைக்கப் பெரிய வண்டுதான் வேண்டும். ஆனால் காடு கெட்டால் முதலில் போவதும் பெரும்பாலும் பெரிய வண்டுதான். போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்து டானம் பள்ளத்தாக்கில் ஒரு சோதனை செய்தார்கள். இரவில் வந்து குழி தோண்டும் பெரிய வண்டுகளை மட்டும் சாணத்துக்குப் பக்கத்தில் விடாமல் தடுத்தார்கள். சாணமும் விதையும் அப்புறப்படுத்தப்படுவது முக்கால் பங்கு குறைந்துவிட்டது. சின்ன வண்டுகள் எத்தனை வந்தும் ஈடுகட்ட முடியவில்லை. குரங்கு இருக்கிறது, மரம் இருக்கிறது, பழமும் இருக்கிறது. நடுவில் ஒரு கை குறைகிறது. அதன் விளைவு நாற்பது வருடம் கழித்து எந்தெந்த மரம் நிற்கிறது என்பதில்தான் தெரியும், அதற்குள் யார் கவனிக்கப் போகிறார்கள்?

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது பிரேசில் அமேசானின் நடுவே உள்ள மனாவுஸ் நகரத்துக்கு வடக்கே நடந்த வேலை. 1979-ல் தாமஸ் லவ்ஜாய் தொடங்கிய பெரிய ஆய்வின் பகுதியாக, மாட்டுப் பண்ணைகளுக்காக வெட்டப்பட்ட காட்டின் நடுவே ஒரு ஹெக்டேர், பத்து ஹெக்டேர், நூறு ஹெக்டேர் என்று துண்டுகளை விட்டுவைத்தார்கள். பெர்ட் க்ளைன் என்பவர் அங்கே சாணி வண்டுகளை எண்ணி 1989-ல் எழுதினார். சின்னத் துண்டுகளில் இனங்கள் குறைவு, எண்ணிக்கை குறைவு, இருந்த வண்டுகளும் உருவத்தில் சின்னவை. பெரிய காடு சில நூறு மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. சுற்றிலும் மாட்டுச் சாணத்துக்குப் பஞ்சமே இல்லாத மேய்ச்சல் நிலம். சாணம் தின்னும் வண்டுக்கு அது விருந்தாக இருந்திருக்க வேண்டும். ஆனால் காட்டு வண்டுகளில் பெரும்பாலானவை வெட்டவெளியைக் கடக்கவில்லை. நிழலும் ஈர மண்ணும் இல்லாத இடத்தில் எவ்வளவு சாணம் கிடந்தாலும் அவற்றுக்கு அது வீடாகாது. தின்பதற்கு எதைக் கொடுத்தாலும் காட்டுக்கு அது மாற்றாகாது என்று எனக்கு உறைத்தது அங்கேதான்.

எல்லாப் பூச்சியும் ஒரே மாதிரி அழிகிறது என்று நான் சொல்லவரவில்லை. கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் லுக்கியோ காட்டில் 1970-களோடு ஒப்பிட்டால் பூச்சிகள் படுமோசமாகக் குறைந்துவிட்டன, வெப்பம்தான் காரணம் என்று 2018-ல் ஒரு கட்டுரை வந்து உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. அந்தக் காட்டையே பல வருடமாகக் கவனித்துவரும் வேறு ஆய்வாளர்கள், சூறாவளி அடித்துக் காடு மறுபடி எழும்பும் சுழற்சியைக் கணக்கில் எடுக்காமல் அப்படிச் சொல்ல முடியாது என்று மறுத்தார்கள். இதில் அவசரப்பட்டுப் பதிவு போடும் நம் மாதிரி ஆட்களுக்கும் பாடம் இருக்கிறது.

குறைவதற்குப் பதிலாகக் கூடிய பூச்சியும் உண்டு. அதே 2015-16 வறட்சியில் சபாவின் மலியாவ் பகுதியில், வெட்டப்படாத முதுகாட்டில், கரையான்கள் அதிகமாகி வேலை செய்தன. கரையானைக் கட்டுப்படுத்தி வைத்த இடங்களையும் விட்டுவைத்த இடங்களையும் ஒப்பிட்டால், கரையான் இருந்த மண்ணில் ஈரம் 36 சதவீதம் கூடுதல், நாற்றுகள் பிழைத்தது 51 சதவீதம் கூடுதல். நம் ஊரில் புற்றைக் கும்பிடுவோம், வீட்டு நிலையில் ஏறினால் மண்ணெண்ணெய் ஊற்றுவோம். அங்கே அது வறட்சியில் காட்டைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. ஆனால் அது முதுகாடு. அதே சபாவில் மரம் வெட்டிய காடுகளைப் பார்த்தால், சருகை மக்கவைப்பது போன்ற வேலைகளில் பூச்சிகளின் பங்கு பாதி வரை குறைந்து, முதுகெலும்புள்ள பிராணிகள் அந்த இடத்தை நிரப்பியதாக 2015-ல் வந்த ஆய்வு சொல்கிறது. வேலை நடக்கிறது, ஆனால் தாங்கும் கைகள் மாறிவிட்டன. அடுத்த வறட்சியில் அந்தக் கைகள் தாங்குமா என்பதுதான் என் பயம்.

இந்தியாவில் நாம் காட்டை எப்படி அளக்கிறோம் தெரியுமா? இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்கு மேல் உள்ள எந்த நிலத்திலும் மரக் கூரை 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது வனப் பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. பழத்தோட்டமும் தென்னந்தோப்பும் அதில் வரலாம். இந்த எண் கூடிவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் நாம் மகிழ்ந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அந்த அறிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதோடு சேர்த்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒவ்வொரு வனக் கோட்டத்திலும் வருடத்துக்கு ஒருமுறை ஐம்பது டப்பாவைப் புதைத்து வண்டை எண்ணுங்கள் என்கிறேன். டப்பா, உப்பு, சாணம். எண்ணத் தெரிந்த ஆட்கள் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். யானைச் சாணத்தில் எந்த வண்டு எப்போது வந்து எப்படி இறக்குகிறது என்று கேரளத்தில் ஏற்கனவே விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

இரண்டு வருடம் முன்பு ஜனவரியில் வால்பாறை போயிருந்தோம். காலையில் சோலைக்காட்டை ஒட்டிய பாதையில் யானைச் சாணம் கிடந்தது. வழிகாட்ட வந்த தம்பி ஒரு குச்சியால் புரட்டிக் காட்டினார். அடியில் புது மண் குவிந்திருந்தது, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஏழெட்டுத் துளைகள். மதியம் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், தேயிலைக்கு நடுவே யூகலிப்டஸ் நட்ட ஒரு மேட்டில் இன்னொரு குவியலைப் பார்த்தோம். பல நாள் பழசு, வெயிலில் காய்ந்து தேங்காய் மட்டை மாதிரி ஆகியிருந்தது. ஒரு குவியலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தத் தம்பியிடம் குச்சியை வாங்கிப் புரட்டினேன். அடியில் தரை இறுகி வழவழவென்று இருந்தது. ஒரு துளை இல்லை.