மறுவெளியீட்டுக் கிட் அறுப்பதற்குத்தான்

பழைய அமெரிக்க கார் கிட் (உலோக அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டும் குட்டிக் கார்) ஒன்று மறுபடி வரப்போகிறது என்று செய்தி கசிந்தாலே இரண்டு பக்கமிருந்தும் புலம்பல் ஆரம்பித்துவிடும். "அறுபது வருஷத்துப் பழைய அச்சு, பிசிறும் பள்ளமுமாகத்தான் இருக்கும், அந்தக் காசுக்கு நல்ல ஜப்பான் கிட் வாங்கிக்கொள்ளலாமே" என்பது ஒரு தரப்பு. பிரிக்காத ஒரிஜினல் பெட்டியை அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் இன்னொரு தரப்பு. புதுசு வந்தால் தங்கள் பெட்டியின் விலை இறங்கிவிடும் என்பது அவர்கள் கவலை. எனக்கு இரண்டு தரப்போடும் உடன்பாடு இல்லை. மறுவெளியீட்டுக் கிட் என்பது பயமில்லாமல் அறுத்து, ஒட்டி, நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளக் கிடைத்த பிளாஸ்டிக். அது பிறந்ததே அதற்காகத்தான் என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1948இல் மிச்சிகனில் தொடங்கிய ஏஎம்டி முதலில் கிட் விற்ற கம்பெனியே இல்லை. கார் டீலர்கள் கடையில் வைத்துக் காட்டவும், வண்டி பார்க்க வந்தவர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கவும் சின்ன கார்களை முழுசாகச் செய்து கொடுத்தது. ஒவ்வொரு வருஷமும் இலையுதிர் காலத்தில் புது மாடல் கார் கடைக்கு வரும்போது, அதே நிறத்தில் அதன் 1/25 அளவுக் (நிஜக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு) குட்டியும் கூடவே வந்துவிடும். 1958இல் அந்தக் குட்டிக் காரின் பாடியையே ஒட்டாமல் பெட்டியில் போட்டு, கூடவே மாற்று உதிரிகளையும் சேர்த்து விற்றார்கள். பெட்டி மேலேயே 'மூன்றில் ஒன்று' என்று இருக்கும். கம்பெனியில் வந்த மாதிரியே கட்டலாம், வடிவத்தை நம் ரசனைக்கு மாற்றிய கஸ்டம் காராகக் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். வாங்கிய பையன் கத்தியை எடுப்பான் என்று தெரிந்தேதான் அந்தக் கிட்டை வடிவமைத்திருக்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. கலிஃபோர்னியாவில் நிஜ கார்களை அறுத்துப் பெயர் வாங்கிய ஜார்ஜ் பேரிஸ் போன்றவர்களை ஆலோசகர்களாக வைத்துக்கொண்டார்கள். 1960களின் நடுவில் ஜீன் வின்ஃபீல்டைக் கொண்டு அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் முழு அளவு கார்களை மாற்றிக் கட்ட ஒரு பட்டறையே நடத்தினார்கள். மோனோகிராம் கம்பெனியின் ரெட் பேரன் கதை இதையும் மிஞ்சும். டாம் டேனியல் வரைந்த அந்த வண்டி முதலில் கிட்டாகத்தான் வந்தது. பிள்ளைகள் அதை அள்ளிக்கொண்டு போன பிறகு, சக் மில்லர் என்ற டெட்ராய்ட்காரர் அந்தக் கிட்டைப் பார்த்து நிஜ வண்டியைக் கட்டினார். அதனால் "அசல் காரைப் போல இல்லை" என்பதை மட்டுமே வைத்து இந்தக் கிட்களை மதிப்பிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சரி, அச்சு விஷயத்துக்கு வருவோம். ஏன் சில கார்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, சில கார்கள் வரவே மாட்டேன் என்கின்றன? அப்போது அச்சு வெட்டுவது பெரிய செலவு. அதனால் புது வருஷ மாடல் வந்ததும், போன வருஷத்து அச்சையே எடுத்து கிரில், விளக்கு, பின்பக்க வாலை மாற்றி வெட்டிவிடுவார்கள். போன வருஷத்துக் கார் அன்றோடு போய்விட்டது. மாடல் நின்றுபோன பிறகும் அச்சுக்கு ஓய்வு கிடையாது. 1970களில் பல பழைய பாடிகளின் சக்கர வளைவை அகலமாக்கி ஓவல் டிராக் பந்தய வண்டிகளாக மாற்றிவிட்டார்கள். உலோகத்தில் ஒரு தடவை வெட்டிவிட்டால் திரும்ப வைப்பது லேசில்லை. ஏஎம்டி பிறகு லெஸ்னி கம்பெனி கைக்குப் போய், எர்டல் கம்பெனி கைக்குப் போய், இப்போது இண்டியானாவின் சவுத் பெண்டில் இருக்கும் ரவுண்ட் 2 கம்பெனி கையில் இருக்கிறது. அவர்கள் சில பாடிகளுக்குப் பழைய கிட்டையே ஸ்கேன் செய்து புது அச்சு வெட்டுகிறார்கள். அதை நான் மனசாரப் பாராட்டுகிறேன். வருஷா வருஷம் மாற்றாத அச்சுகளும் உண்டு. 1932 ஃபோர்டு, 1949 மெர்குரி, 1957 ஷெவி மாதிரியானவை ஏற்கெனவே பழைய காராக இருக்கும்போதே கிட் ஆனவை. அவற்றை மாற்றி வெட்ட வேண்டிய தேவையே வரவில்லை, அதனால்தான் இன்றும் கிடைக்கின்றன.

இதில் 1949 மெர்குரியை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன், ஏனென்றால் கூரையை இறக்குவதற்கென்றே பிறந்த கார் அது. பேரிஸ் பட்டறையில் பாப் ஹிரோஹாட்டாவுக்காக 1950களின் தொடக்கத்தில் மாற்றிக் கட்டிய, அதே தலைமுறையைச் சேர்ந்த 1951 மெர்குரி 2022இல் ஏலத்துக்கு வந்து ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்குப் போனது. கூரையை இறக்கி, நடுத்தூணை எடுத்து, ஜன்னல் விளிம்பை வளைத்துக் கட்டிய வண்டி. அந்த வடிவத்தைப் பார்த்த பிறகு, கம்பெனியில் வந்த உயரமான கூரையோடு அந்தக் காரைக் கட்ட எனக்கு மனசு வருவதில்லை.

1/25 அளவில் வேலை செய்பவருக்கு ஒரு வசதி இருக்கிறது. நிஜக் காரின் ஒரு அங்குலம் கிட்டில் 1.016 மில்லிமீட்டர். அதாவது அங்குலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். கூரையை 3 அங்குலம் இறக்க வேண்டுமா? 3 மில்லிமீட்டர் அகல மாஸ்கிங் டேப்பை எடுத்து, முன் தூணிலும் கதவுத் தூணிலும் ஒரே மட்டத்தில் சுற்றி ஒட்டுங்கள். டேப்பின் மேல் விளிம்பில் ஒரு வெட்டு, கீழ் விளிம்பில் ஒரு வெட்டு. டேப் ஒட்டிய துண்டு தனியாக வந்துவிடும், அளவுகோலே வேண்டாம். கத்தியின் கூர்ப்பக்கத்தால் அழுத்தாமல், முதுகுப்பக்கத்தால் பலமுறை கீறி, கடைசியில் மெல்லிய ரம்பத்தால் முடிப்பது நல்லது. தூண் முறியாது.

கூரையை நேராகக் கீழே இறக்கினால் பொருந்தாது என்பதுதான் இதில் சூட்சுமம். முன் தூண் பின்னால் சாய்ந்து நிற்கிறது. நடுவில் 3 மில்லிமீட்டர் போனதும், மேல் பாதி கீழ்ப் பாதிக்குப் பின்னால் போய் உட்காரும். கூரையை முன்னால் தள்ளினால் பின்னால் இடைவெளி விழும். நான் கூரையைக் குறுக்காக இரண்டாக வெட்டி, நடுவில் ஸ்டைரீன் தகட்டுத் துண்டு வைத்து நீட்டுவதையே விரும்புகிறேன். அதுவும் பாடி செய்த அதே பிளாஸ்டிக் என்பதால் திரவப் பசை இரண்டையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். பின் கண்ணாடிப் பகுதியில் மட்டும் உயரத்தைக் குறைக்கவே கூடாது. குறைத்தால் கண்ணாடி இடுங்கிப்போய் காரின் முகமே கெட்டுவிடும். அந்தப் பகுதியைச் சுற்றி வெட்டித் தனியாக எடுத்து, இன்னும் படுக்கையாகச் சாய்த்து ஒட்ட வேண்டும். அந்தப் பின்சாய்வில்தான் மெர்குரியின் அழகு எல்லாம் இருக்கிறது. அப்புறம் பட்டி பார்த்து உப்புத்தாள் போடுவதற்கு முன் ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள். பசை முழுசாக உலராத இடத்தில் தேய்த்து பெயிண்ட் அடித்தால், பிறகு பிளாஸ்டிக் சுருங்கி அந்தக் கோடு பெயிண்டுக்கு மேலே தெரியும். கிட்டில் வந்த கண்ணாடி இனி சேராது. மெல்லிய தெளிந்த தகட்டில் புதுசாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த வேலையை 1960களின் பிரிக்காத ஒரிஜினலில் செய்ய யாருக்கும் கை வராது, வரவும் கூடாது. மறுவெளியீட்டில் செய்யலாம். கை தவறினால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியம் இருந்தால்தான் ரம்பம் நேராகப் போகும்.

பழைய அச்சுக்கு ஆகும் பராமரிப்பை மறைக்க விரும்பவில்லை. ஓரங்களில் பிசிறு இருக்கும். தடிமனான இடங்களில் பிளாஸ்டிக் சுருங்கிய பள்ளம் இருக்கும். முன் ஃபெண்டர் மேலே, பின் ஃபெண்டர் மேலே அச்சுத் துண்டுகள் சேரும் கோடு மெல்லிசாக ஓடும். விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் தட்டுப்படும். பெயிண்ட் அடிப்பதற்கு முன் இதை எடுக்காத நல்ல வேலைகள் பல பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். 1960களின் ஆரம்பக் கிட்கள் சிலவற்றில் முன் ஆக்சில் கம்பி எஞ்சின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு போகும். உருட்டி விளையாட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். அந்த ஓட்டையை ஸ்டைரீன் குச்சியால் அடைத்து, வேறொரு புது கிட்டின் முன் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்து வைத்தால், கிடைக்கும் சந்தோஷமே தனி. ஒன்று மட்டும் கவனம்: 1/24 கிட்டிலிருந்து எஞ்சினும் சக்கரமும் கடன் வாங்கலாம், நீளமான பாகங்களை வாங்கக்கூடாது. 5 மீட்டர் கார் 1/25இல் 200 மில்லிமீட்டர், 1/24இல் 208. அந்த 8 மில்லிமீட்டர் காரின் அடிச்சட்டத்தில் கண்ணைக் குத்தும்.

குரோமைப் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. பெட்டியில் வரும் பளபளப்பான பம்பரை அப்படியே ஒட்டக்கூடாது. பிசிறும் அச்சுக் கோடும் குரோமுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். சாதாரண வீட்டு பிளீச்சில் போட்டு வைத்தால் குரோம் கழன்று வந்துவிடும். தேய்த்துச் சரிசெய்து, பளபளப்பான கறுப்பு அடித்து, அதன் மேல் குரோம் பெயிண்ட் லேசாக ஊதினால் நிஜ பம்பர் மாதிரி இருக்கும். பக்கவாட்டுப் பட்டைகளுக்கும் ஜன்னல் விளிம்புக்கும் மெல்லிய உலோகத்தாள் ஒட்டி, ஓரத்தைப் புது பிளேடால் வெட்டுவதற்கு இணையான பெயிண்ட் இதுவரை வரவில்லை.

நம் ஊரில் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாடலுக்கென்று வரும் ஸ்ப்ரே டப்பாக்கள் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் விமானத் தபாலில் வராது. கார் பெயிண்ட் கடையில் கலந்து வாங்குவதே வழி, நிறமும் அருமையாகக் கிடைக்கும். ஆனால் அந்தத் தின்னர் ஸ்டைரீனைக் கடிக்கும். பிரைமரை மெல்லிய பூச்சுகளாகப் போட்டு, நன்றாக உலரவிட்ட பிறகே நிறத்துக்குப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிளியர் லாக்கர் அடிக்காதீர்கள். காற்றில் இருக்கும் ஈரம் படிந்து மேற்பரப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். டூ-கே கிளியர் (இறுக வைக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் நிறமில்லாத மேல்பூச்சு) அடிப்பவர்கள் அதற்கான முறையான முகமூடி இல்லாமல் தொடவே கூடாது, அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. துணியைக் கட்டிக்கொண்டு அடிப்பதெல்லாம் வேண்டாம்.

சேகரிப்பவர்களிடம் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். பிரிக்காத பெட்டிக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். பழைய வினைல் டயரிலிருந்து கசியும் பொருள் பக்கத்தில் இருக்கும் ஸ்டைரீனைக் கரைக்கும். டயர் படுத்திருந்த கண்ணாடியில் வட்டமாகத் தடம் விழும். டெக்கால் (காரின் மேல் ஒட்டும் படங்கள்) தாள் மஞ்சளாகும். பெட்டி மேல் பெட்டி அடுக்கினால் பாடி நெளியவும் செய்யும். புது டயர், புது டெக்கால், சிவப்புத் தெளிவு பிளாஸ்டிக்கில் பின் விளக்கு என்று மறுவெளியீட்டில் வருபவை, கட்டுகிறவருக்கு ஒரிஜினலைவிட மேலானவை. உங்கள் பெட்டி சரித்திரப் பொருள், அதற்குரிய மதிப்பு அதற்கு இருக்கட்டும். பதினாறு வயதுப் பையன் ஒருவன் 1957 ஷெவியை முதல் தடவையாக ஒட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைப்பது மட்டும் நியாயமில்லை.

கம்பெனிகளிடம் எனக்கு இரண்டு கேள்விகள் உண்டு. அச்சு முதலில் எந்த வருஷம் வெட்டியது, இப்போது எந்தப் பாகங்கள் புதிது என்று பெட்டியின் பக்கவாட்டிலேயே ஏன் அச்சிடக்கூடாது? பழைய படத்தைப் போட்டு ஆசை காட்டுவது அழகுதான், எனக்கும் அந்தப் பெட்டி ஓவியங்கள் மேல் தீராத ஆசை. ஆனால் முப்பது டாலருக்கு மேல் கொடுத்து, அதே அளவு சுங்கமும் தபாலும் கட்டி வாங்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். இரண்டாவது, குரோம் பூசாத பம்பர், கிரில் செட் ஒன்றைக் கூடவே ஏன் சேர்த்துத் தரக்கூடாது? அச்சு ஏற்கெனவே இருக்கிறது. பூச்சு வேலைக்கு அனுப்பாமல், பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் கிளை ஒன்றைத் தனியாக எடுத்துப் பெட்டியில் போட வேண்டியதுதான். அதற்கு இரண்டு டாலர் கூடக் கேட்டாலும் யோசிக்காமல் கொடுப்பேன்.