கத்திரி வெயிலில் காபி குடித்துவிட்டு ஓடலாமா?

ஏப்ரல் பிறந்தாலே ஓட்டக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் ஒரு அறிவுரை சுற்ற ஆரம்பிக்கும்: "ஓடுவதற்கு முன் காபி வேண்டாம், உடம்பில் தண்ணீர் வற்றிவிடும்." அறிவுரையில் பாதி சரி, காரணம் தப்பு. காரணம் தப்பாக இருப்பதில் ஒரு வினை உண்டு. "அதான் கூடவே அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டேனே" என்று ஆள் தைரியமாகக் கிளம்பிவிடுவார்.

தண்ணீர்க் கணக்கை முதலில் முடித்துவிடலாம். காபிப் பழக்கம் இல்லாதவர் ஒரே நேரத்தில் 300 மில்லிகிராம் காஃபீனுக்கு மேல் எடுத்தால் சிறுநீர் கொஞ்சம் கூடும். தினமும் குடிப்பவருக்கு அதுவும் பெரிதாக இருக்காது. ஓட ஆரம்பித்ததும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைவதால் மிச்சமும் அடங்கிவிடும். மே மாதச் சென்னையில் ஒரு மணி நேரம் ஓடினால் வியர்வையே ஒரு லிட்டருக்கு மேல் போகக்கூடும். அதன் பக்கத்தில் இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

விஷயம் இருப்பது தலைக்குள். உழைக்க உழைக்க மூளையில் சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருள்தான் "போதும், வேகத்தைக் குறை" என்று சொல்கிற ஆட்களில் ஒன்று. அது உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஊக்கம் தரும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் கை ஓங்குகிறது, அதே வேகம் சுலபமாகத் தெரிகிறது. மார்கழிக் காலையில் இது லாபம். வெயிலில் அந்தக் களைப்புதானே பிரேக்?

2005இல் வெளியான ஓர் ஆய்வில், டோபமைனைக் கூட்டும் புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சைக்கிள் வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 18 டிகிரி அறையில் ஒரு வித்தியாசமும் இல்லை. 30 டிகிரியில் வேகம் கூடியது, உடலின் உள்வெப்பம் பலருக்கு 40 டிகிரியைத் தொட்டது. ஆனால் சைக்கிள் மிதித்தவர்களுக்குக் கஷ்டம் கூடியதாகத் தெரியவில்லை. காஃபீன் அவ்வளவு முரட்டு மருந்தல்ல. வெயிலில் அதைச் சோதித்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் நேரம் குறைந்தது. சிலவற்றில் உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் கொடுத்தும் பலன் இல்லை, உள்வெப்பம் மட்டும் சற்றுக் கூடுதலாக ஏறியது. இந்த வியாபாரம் எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

அதனால் என் கட்சி இது: குடியுங்கள், ஆனால் அளவைக் குறையுங்கள். போட்டிக்குச் சொல்லப்படுவது கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம். கோடையில் 3ஐத் தாண்ட வேண்டாம். 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம். ஓடுவதற்கு முக்கால் மணி முன்பு, முடிந்தால் பால் இல்லாமல். வெயிலில் ஓடும்போது குடலுக்கு ரத்தம் குறையும். பாதி வழியில் கழிப்பறை தேடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் டம்ளரில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் குழப்பம். ஆளுக்கு 10 கிராம் பொடி போட்டு டிகாக்‌ஷன் இறக்குகிறீர்கள், சிக்கரி 30 சதவீதம் என்றால், அதில் காபி 7 கிராம். சிக்கரியில் காஃபீன் கிடையாது. அரபிகாவில் எடையில் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் ஏறக்குறைய அதன் இரு மடங்கு. ஆகவே ஒரே நிறம், ஒரே மணம், ஆனால் ஒரு வீட்டில் 80 மில்லிகிராம், அடுத்த வீட்டில் 150.

சும்மா உடனே நிறுத்திவிடவும் வேண்டாம். தினக் குடிகாரர் (காபிக் குடிகாரரைச் சொல்கிறேன்) திடீரென்று விட்டால் ஒரு நாளுக்குள் தலைவலி வரும். அது வெயில் தலைவலியா, காபித் தலைவலியா என்று அவருக்கே தெரியாது.

குடித்த நாளில் "நன்றாகத்தான் இருக்கிறது" என்ற உணர்வை நம்பாதீர்கள். குளிர்காலத்தில் எந்த இதயத்துடிப்பில் ஓடினீர்களோ, அதையே உச்சவரம்பாக வையுங்கள்; வேகம் எவ்வளவு குறைந்தாலும் சரி. முன்னும் பின்னும் எடை பாருங்கள். இடையில் தண்ணீர் குடித்தும் எடை 2 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அடுத்த முறை குடிப்பதைக் கூட்டுங்கள். எடை ஏறியிருந்தால் தண்ணீர் அதிகமாகிவிட்டது, அது தனி ஆபத்து. கோடையின் முதல் இரண்டு வாரம் உடம்பு வெயிலுக்குப் பழகும் காலம். அப்போது வழக்கமான காபிக்கு மேல் ஒன்றும் வேண்டாம். வெயிலுக்குப் பயந்து மாலை ஓட்டத்துக்கு மாறியவர்களுக்கு: 5 மணிக்கு எடுத்த காஃபீனில் பாதி இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் இருக்கலாம். தூக்கம் கெட்டால் மறுநாள் வெயில் இன்னும் கடினம்.

உடற்பயிற்சிக்கு முன் கரைத்துக் குடிக்கும் ப்ரீ-வொர்க்அவுட் பவுடர் விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை. ஒரு ஸ்கூப்பிலேயே 200, 300 மில்லிகிராம் இருப்பது சகஜம், கூடவே வேறு ஊக்கிகளும். 2003 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் பயிற்சியின்போது ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது பேஸ்பால் வீரர் வெப்பத்தாக்கில் இறந்தார். அவர் எடுத்த எபெட்ரா என்ற ஊக்க மூலிகை மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு என்றார் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர். அடுத்த ஆண்டு அமெரிக்கா எபெட்ரா கலந்த சத்து மாத்திரைகளைத் தடை செய்தது. அதன் உறவுக்காரப் பொருளான சூடோஎபெட்ரின் நம் சளி மாத்திரைகள் சிலவற்றில் இருக்கிறது. சளி மாத்திரை போட்ட அன்று காபியும் வெயிலும் சேர வேண்டாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் ஓட்டமே வேண்டாம்.

கூட ஓடுபவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்று காத்திருக்காதீர்கள். ஓடுவதால் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை அங்கேயே குளிர்வியுங்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்துவது சிறந்தது. தொட்டி இல்லையென்றால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, ஐஸில் நனைத்த துண்டுகளை மாற்றிக்கொண்டே இருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவமனையில் எத்தனை காபி, எந்தப் பவுடர், எத்தனை ஸ்கூப் என்று சொல்லுங்கள். டப்பாவையே கொண்டுபோனால் இன்னும் நல்லது.