கொம்பேறி மூக்கன் யாருடைய சுடலையிலும் காத்திருக்காது

வியாழக்கிழமை எங்கள் தொடர்மாடி வாட்ஸ்அப் குழுவில் வந்த படம் உங்களில் பலருக்கும் வந்து சேர்ந்திருக்கும். ஒரு பாம்பை அடித்துக் கொன்று தும்புத்தடியில் தொங்கவிட்டிருந்தார்களே, அது கொம்பேறி மூக்கன். அதற்கு விஷம் இல்லை. கொஞ்சம்கூட இல்லை. கைதட்டிய அத்தனை பேரும் இதை ஒருமுறை வாசியுங்கள்.

"கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடலைப் புகையைப் பார்க்கும், எரித்துவிடுங்கள்" என்று ஒரு அண்ணா குரல்பதிவு போட்டிருந்தார். அண்ணா, நானும் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான். வவுனியாவில், அம்மம்மா வீட்டில், முருங்கைக்காய் பறிக்க ஏறிய சித்தப்பாவை இதே பாம்பு கையில் கடித்தது. வீடே தலையில் அடித்துக்கொண்டு அழுதது. பரியாரி வந்து வேப்பிலை அடித்து, விடியும்வரை தூங்கவிடாமல் வைத்திருந்தார். காலையில் சித்தப்பா கேட்டு வாங்கிப் புட்டுச் சாப்பிட்டார். பரியாரிக்கு வேட்டியும் காசும் கிடைத்தன, பாம்புக்குக் கெட்ட பெயர் மிஞ்சியது. விஷமில்லாத பாம்பு கடித்தால் யார் வைத்தியம் பார்த்தாலும் பிழைப்பார்கள் என்பது எனக்கு விளங்கப் பல வருடம் ஆனது.

அது மரத்தில் இருப்பது புகை பார்க்க இல்லை, அதன் வீடே மரம்தான். வயிற்றுச் செதில்களின் இரு ஓரத்திலும் மடிப்பு இருக்கும், அதால் பட்டையைப் பிடித்து ஏறும். பகலில்தான் வேட்டை. ஓணான், பல்லி, தவளை தேட வேண்டும் என்பதால் அவ்வளவு பெரிய கண். பயந்தால் கழுத்தை உப்பும், அப்போது செதிலுக்கு நடுவே இளநீலம் தெரியும். அந்த நீலத்தை விஷம் என்கிறீர்கள். நான் பார்த்த அழகான நிறங்களில் அதுவும் ஒன்று. 1803 இல் டௌடின் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் இதற்கு வைத்த அறிவியல் பெயரில் 'டிரிஸ்டிஸ்' என்று வரும். லத்தீனில் துயரம் என்று அர்த்தம். வியாழனிலிருந்து அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை.

"சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடம்" என்பீர்கள். நியாயம். நானும் ஒரு தாய். இந்த நாட்டில் பாம்புக்கடியால் ஆட்கள் சாகிறார்கள். புடையனுக்கும், இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கிற கட்டு விரியனுக்கும், நாகத்துக்கும் பயப்படத்தான் வேண்டும். கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். ஆனால் பட்டப்பகலில் ஜாம் மரத்து உச்சியில் இருந்ததைக் கம்பால் தட்டி விழுத்தி அடித்தீர்களே, எந்தப் பிள்ளை அங்கே ஏறியது?

"எங்களுக்கு எது என்ன பாம்பு என்று எப்படித் தெரியும்?" தெரியாவிட்டால் தள்ளி நிற்கலாமே. எங்கள் காவலாளி ஐயா மேலே பார்த்ததுமே "ஹால்தண்டா, ஒன்றும் செய்யாது" என்று இதன் சிங்களப் பெயரையே சொன்னார். அவரை ஒருவரும் காதில் வாங்கவில்லை. வருடா வருடம் நயினாதீவுக்குப் படகேறிப் போய் நாகபூசணி அம்மனைக் கும்பிடுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். அதுதான் அதிகம் வலிக்கிறது.

2018 இல் ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உலக ஒப்பந்தத்தின் கீழ் கொழும்பு ஈரநில நகரமானபோது எல்லோரும் பெருமையாகப் பகிர்ந்தோம். ஈரநிலம் என்றால் கொக்கு மட்டுமா? தவளை இருக்கிற இடத்துக்குத் தவளை தின்பதும் வரும்.

"அவ்வளவு பாசம் என்றால் உங்கள் வீட்டில் வைத்து வளருங்கள்" என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பதினேழு பேர் சிரித்தார்கள், எண்ணிப் பார்த்தேன். மூன்று வாரமாக என் மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பால்கனிக்கு ஓடி அதைத் தேடுவான். ஒருநாள் அது கிளைக்குக் கிளை பாய்ந்தபோது என் கையை இறுக்கிப் பிடித்தான். வியாழக்கிழமை அவனிடம் எதைச் சொல்வது என்று தெரியாமல் பால்கனிக் கதவைப் பூட்டிவைத்தேன்.

இப்போது அந்த ஜாம் மரத்தையே வெட்ட வேண்டுமாம். பாம்பு வருகிறதாம். அதில் காலையில் குக்குறுவான் கத்தும், மாலையில் அணில்கள் ஓடும். அவற்றையும் அடிக்கப் போகிறீர்களா? ஞாயிறு நாலு மணிக்குக் கூட்டம். நான் மகனோடு வருவேன். வெட்ட வேண்டும் என்கிறவர்கள் அவன் முன்னால் சொல்லுங்கள்.