ரப்பர் இலையை எரிக்காதீர்கள், வாளியில் போடுங்கள்
வீட்டுக் குப்பையைப் பிரிப்பது மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் 2015 செப்டம்பரிலிருந்தே கட்டாயம் என்று நான் படித்த ஒரு கட்டுரை நினைவூட்டியது நல்லது. ஆனால் இந்த மாநிலத்தின் பஹாவ் ஊர்ப் பக்கம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) போத்தலையும் பேப்பரையும் தனியாக வைப்பவர்கள்கூட மிஞ்சிய சோற்றையும் காய்கறித் தோலையும் பையில் கட்டித்தான் போடுகிறார்கள். லோரி வருவதற்குள் குரங்கு கிழித்துவிடுகிறது.

இந்தக் கழிவை வீட்டிலேயே உரமாக்கலாம் என்றால், உர வாளி நாறும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயந்தார். சரி, சேர்ந்தே செய்வோம் என்றேன். அடியில் ஓட்டை போட்ட வாளி, ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த ரப்பர் இலை, வாரம் ஒருமுறை கிளறல். மீன், இறைச்சி, எண்ணெய் வேண்டாம். ஈரம் கூடினால்தான் நாற்றம். அப்போது இன்னும் இலை சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனை வந்துவிட்டது. இப்போது அக்காவின் கறிவேப்பிலைக்கு அதுதான் உரம். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும்போது எரிக்காமல் சாக்கில் சேர்த்து வையுங்கள். மழைக்காலத்தில் காய்ந்த இலை கிடைப்பது கஷ்டம்.