டக்ளஸின் சுயசரிதையை எழுதியது டக்ளஸ்தான்

"அமெரிக்காவின் அடிமை ஒழிப்புப் போராளி பிரெடரிக் டக்ளஸ் அடிமையாக இருந்தவர், பள்ளிக்கே போகாதவர். 1845இல் வந்த அவருடைய சுயசரிதையை வெள்ளையரான கேரிசன்தான் எழுதிக் கொடுத்தார்" என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு. அடிமை ஒழிப்புப் பத்திரிகை நடத்திய வில்லியம் லாயிட் கேரிசன் எழுதியது முன்னுரையை மட்டுமே.

பள்ளிக்குப் போகாதது உண்மைதான். பால்டிமோரில் எஜமானி சோபியா ஆல்ட் அவருக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தார். கணவர் அதைத் தடுத்துவிட்டார். பிறகு தெருவில் பசியோடு திரிந்த வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து வாசிக்கக் கற்றார். கப்பல் கட்டும் தளத்தில் தச்சர்கள் மரக்கட்டைகளில் போட்டிருந்த எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினார். ரொட்டி கொடுத்துப் பெற்ற எழுத்தை இன்னொருவர் கணக்கில் சேர்ப்பது பெரிய அநியாயம்.

இந்தச் சந்தேகம் புதிதுமல்ல. நூல் வந்த ஆண்டிலேயே தாம்ப்சன் என்பவர், மேரிலாந்தில் தாம் அறிந்திருந்த அந்த அடிமையால் இப்படி எழுதவே முடியாது என்று பத்திரிகையில் எழுதினார். டக்ளஸ் அவருக்கு நன்றி சொன்னார். தாம் அடிமையாக இருந்ததையே சிலர் நம்ப மறுத்தபோது, அதற்கு எதிர்த்தரப்பிலிருந்தே சாட்சி கிடைத்துவிட்டதே!

1847இல் அவர் சொந்தப் பத்திரிகை தொடங்கினார். கேரிசனோடு கருத்து வேறுபட்டு உறவு முறிந்த பிறகு 1855இல் இரண்டாவது சுயசரிதையையும், 1881இல் மூன்றாவதையும் எழுதினார்.